வன்னி இருட்டில் ரெட் டொட்: எந்த வெளிச்சத்தில் எரிய விடுவது?

தொலைகாட்டியோடு ஒரே பெட்டிக்குள் வரும் சின்னப் பிளாஸ்ரிக் ரெட் டொட், வானத்தில் ஒரு பொருளைக் குறிவைத்துப் பிடிப்பதற்கு நல்ல கருவி. ஆனால் வன்னி இருட்டை மனதில் வைத்து அதை யாரும் செய்யவில்லை. தெருவிளக்கும் பக்கத்து வீட்டு வெளிச்சமும் விழும் நகரத்து முற்றத்தில் புள்ளி தெளிவாகத் தெரியவேண்டும் என்பதே செய்தவர்களின் கணக்கு. ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, துணுக்காய், நெடுங்கேணி என்று உள்ளே போகப் போக, நிலவில்லாத இரவில் இதன் மிகக் குறைந்த வெளிச்சமே பெரும்பாலும் கூடிவிடுகிறது. கடையில் எல்லோரும் புள்ளி எவ்வளவு பளிச்சென்று எரிகிறது என்றுதான் பார்க்கிறார்கள். இங்கே பார்க்கவேண்டியது வேறு: எவ்வளவு மங்கலாக, துடிக்காமல், இரவு முழுக்க எரியும்?

இங்கே எடுத்துக்கொண்டது 70 மி.மீ. முறிவுத் தொலைகாட்டி, 114, 130 மி.மீ. தெறிப்புத் தொலைகாட்டி போன்ற தொடக்கநிலைக் கருவிகளில் பூட்டிவரும் வகையை. பெயர்கள் பல இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றேதான். ஒரு சிவப்பு எல்.ஈ.டி., அதன் முன்னே ஊசித் துளை, எதிரே சற்றுச் சரிந்து நிற்கும் வளைந்த கண்ணாடி, சிஆர்2032 பற்றரி ஒன்று, கிளிக் என்று திறந்து மேலே போகும் வெளிச்சச் சக்கரம், பக்கவாட்டுக்கும் மேல்கீழுக்குமாக இரண்டு திருகுகள். துளையிலிருந்து வரும் ஒளி கண்ணாடியில் தெறித்துச் சமாந்தரக் கதிராகக் கண்ணுக்கு வருவதால், புள்ளி கண்ணாடியில் ஒட்டியிருப்பதாகத் தெரியாது. நட்சத்திரங்கள் இருக்கும் தூரத்திலேயே தொங்குவதுபோலத் தெரியும். உருப்பெருக்கம் கிடையாது. வெறுங்கண்ணால் பார்க்கும் அதே வானம், தலைகீழாகாமல், அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அவ்வளவுதான்.

இந்த எளிமையில்தான் வெளிச்சத்தின் சிக்கலும் இருக்கிறது. தேடுதொலைகாட்டி (பெரிய குழாயின்மேல் பூட்டும் சின்னத் தொலைகாட்டி) என்றால் வில்லை ஒளியைச் சேர்த்துத் தரும். ரெட் டொட் எதையும் சேர்ப்பதில்லை. முலாம் பூசிய கண்ணாடி வரும் ஒளியில் கொஞ்சத்தைத் தின்றும்விடும். ஆகவே வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களே உங்கள் வழிகாட்டிக் கற்கள். புள்ளியின் வெளிச்சத்தால் அவற்றில் ஒன்று மறைந்தால், குறிவைக்க வேண்டிய இடமே காணாமல் போகிறது. வைகாசியில் இரவு 9 மணியளவில் தெற்கே ஏறக்குறைய 33 பாகை உயரத்தில் நிற்கும் ஒமேகா சென்டோரியை எடுத்துக்கொள்ளுங்கள். பருமன் (பிரகாச அளவு; எண் கூடினால் மங்கல்) 3.9 உள்ள கோளக் கொத்து, அதாவது உருண்டையாகத் திரண்ட நட்சத்திரக் கூட்டம் அது. வன்னியில் வெறுங்கண்ணுக்கே மங்கிய பஞ்சுப் பொட்டாகத் தெரியும். புள்ளி மெல்லியதாக இருந்தால் நேரே அதன்மேல் வைத்துப் பார்வைத்துண்டில் (தொலைகாட்டியில் கண்ணை வைக்கும் வில்லைத் துண்டு) பார்க்கலாம். புள்ளி வீங்கி எரிந்தால், பக்கத்தில் கொண்டுபோனதுமே அந்தப் பொட்டு கரைந்துவிடும், பிறகு ஊகம்தான்.

அளவை எப்படிப் பிடிப்பது

முதல் விதி: வீட்டுக்குள் இருந்து வெளியே வந்த கையோடு சக்கரத்தைத் திருப்பி முடிவெடுக்காதீர்கள். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும். வந்த ஐந்தாவது நிமிடத்தில் அளவாகத் தெரியும் புள்ளி, அரைமணி கழித்து கண்ணைக் குத்தும். பழகிய கண்ணுக்குத்தான் அளவு வைக்கவேண்டும். அதற்கிடையில் கைத்தொலைபேசித் திரையை ஒருமுறை முழு வெளிச்சத்தில் பார்த்தாலும் கணக்கு மறுபடி ஆரம்பம்.

கண் பழகிய பிறகு சக்கரத்தை மேலேயிருந்து கீழே கொண்டுவராதீர்கள். கீழேயிருந்து மேலே போங்கள். கிளிக் சத்தம் கேட்ட இடத்தில் நிறுத்தி, இரண்டு கண்ணையும் திறந்து, கண்ணாடிக்குப் பின்னால் 20, 30 சென்ரிமீற்றர் தள்ளித் தலையை வைத்துப் பாருங்கள். துப்பாக்கிக் குறிபோலக் கண்ணை ஒட்டவைக்கத் தேவையில்லை. ஒட்டவைத்தால் சுற்றியுள்ள வானம் மறைந்து வழி தவறும். புள்ளி தெரியாவிட்டால் மட்டும் மயிரிழை கூட்டுங்கள். நேரே பார்த்தால் தெரியும், பார்வையைச் சற்று விலக்கினால் கிட்டத்தட்ட மறையும் என்ற நிலைதான் இருண்ட இரவுக்குச் சரியான நிலை.

இதற்குக் காரணம் கண்ணின் அமைப்பு. விழித்திரையின் நடுவில் கூம்புக் கலங்கள் நெருங்கியிருக்கின்றன. சிவப்பை நன்றாகப் பார்ப்பவை அவை. மங்கிய ஒளியைப் பிடிக்கும் கோல் கலங்கள் நடுவைவிட்டு விலகிச் சுற்றிலும் இருக்கின்றன. ஆழ்ந்த சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறையத் தெரியாது. ஆகவே புள்ளியை நேரே பாருங்கள், மங்கிய நட்சத்திரத்தை ஓரக்கண்ணால் பாருங்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துப் பொருத்துவது சில இரவுகளில் கைவந்துவிடும். புள்ளியை ஓரக்கண்ணுக்கும் பளிச்சென்று தெரியும்படி கூட்டி வைப்பவர்கள் இந்த வசதியை வீணாக்குகிறார்கள்.

பிறகு சோதனை. அளவு சரியா என்பதை வானமே சொல்லித்தரும், வேறு கருவி எதுவும் வேண்டாம். தை, மாசியில் மிருகசீரிடத்தைப் பிடியுங்கள். ஒறியன் என்ற வேட்டைக்காரனின் தலையாக நெருங்கி நிற்கும் மூன்று நட்சத்திரங்களில் பெரியது பருமன் 3.4, மற்ற இரண்டும் 4.1, 4.4. புள்ளியைப் பெரியதன்மேல் வையுங்கள். மற்ற இரண்டும் தெரிந்தால் அளவு சரி. அவை மறைந்தால் குறையுங்கள். சித்திரை கடைசியிலும் வைகாசியிலும் தென்சிலுவை: நான்கு மூலையோடு ஐந்தாவதாக ஓரத்தில் ஒட்டிநிற்கும் குட்டி நட்சத்திரம் பருமன் 3.6. புள்ளியை அதன் பக்கத்தில், தொடாமல் கொண்டுபோங்கள். அது தெரிந்துகொண்டே இருக்கவேண்டும். சிலுவை இங்கே 20 பாகை உயரத்துக்குச் சற்று மேலேதான் வரும் என்பதால் தெற்கு அடிவானம் திறந்த இடம் வேண்டும். ஆவணி, புரட்டாதியில் அவிட்டத்தின் சின்னச் சாய்சதுரம் நல்ல சோதனை. அதன் நட்சத்திரங்கள் எல்லாம் 3.6க்கும் 4.4க்கும் இடையில். நாலையும் வாலையும் புள்ளிக்குப் பக்கத்தில் எண்ணமுடிந்தால் அதற்குமேல் சக்கரத்தைத் தொடவேண்டிய அவசியமே இல்லை.

முழுநிலவில் வானமே வெளிறிவிடுவதால் புள்ளியைக் கூட்டத்தான் வேண்டும், தவறில்லை. அந்தியில் வியாழனையோ வெள்ளியையோ பிடிக்கும்போதும் அப்படியே. ஆனால் இருட்டிய பிறகு திரும்பக் குறைக்க மறந்துபோவதுதான் வழமை. சக்கரத்தின் விளிம்பில் வெள்ளைப் பேனையால் இரண்டு கோடு போட்டுவிடுங்கள்: ஒன்று அந்திக்கு, ஒன்று இருட்டுக்கு. இருட்டில் விரலால் தடவிக் கண்டுபிடிக்க, இருட்டுக் கோட்டில் நகப்பூச்சு ஒரு துளி போதும்.

பாடசாலையில் பத்து முப்பது பிள்ளைகளை வரிசையில் விட்டுப் பார்க்கும் இரவுக்கு வேறு அளவு. இளங்கண்ணின் பாவை இருட்டில் 7 மி.மீ. வரை விரியும், வயது போகப் போக அது சுருங்கும். பிள்ளைகளுக்குத் தெரியும் புள்ளி பெரியவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அத்தோடு ஒவ்வொருவரும் வெளிச்சத்திலிருந்து புதிதாக வருகிறார்கள். அங்கே சற்றுக் கூட்டி வைத்து, நிலா, சனி, வியாழன் என்று பிரகாசமான பொருள்களையே காட்டுங்கள்.

பற்றரிக் கணக்கு

"அணைக்க மறந்துவிட்டேன், பற்றரி போய்விட்டது." ரெட் டொட்டைப் பற்றி எந்த ஊரிலும் கேட்கும் முதல் குறை இது. மறதிக்கும் வெளிச்ச அளவுக்கும் உள்ள தொடர்பைப் பலர் கவனிப்பதில்லை. சிஆர்2032 இன் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லிஅம்பியர் மணி. எல்.ஈ.டி. 5 மில்லிஅம்பியர் எடுத்தால் கணக்குப்படி 44 மணித்தியாலம். அவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ந்து கொடுக்க இந்த நாணயப் பற்றரி செய்யப்படவில்லை என்பதால் உண்மையில் அதைவிடக் குறையும். வெள்ளி இரவு மறந்தால் ஞாயிறு புள்ளி இல்லை. அதே எல்.ஈ.டி. 0.12 மில்லிஅம்பியரில் எரிந்தால் 1,800 மணித்தியாலத்துக்கு மேல், அதாவது இரண்டரை மாதம் இரவுபகலாக எரியும். வன்னி இருட்டுக்குத் தேவையான வெளிச்சம் இந்தச் சிறிய மின்னோட்டத்திலோ அதற்கும் கீழேயோதான் இருக்கிறது. கண்ணுக்கு எது நல்லதோ அதுவே பற்றரிக்கும் நல்லது.

ஒவ்வொரு பொருளுக்கும் நடுவில் அணைத்து அணைத்துப் போடவும் தேவையில்லை. அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் அளவு மாறிவிடும், சக்கரத்தின் உள்ளே தொடுகையும் தேயும். சரியான அளவில் வைத்து, கருவியை எடுத்து வைக்கும்வரை எரிய விடுங்கள்.

குறைந்த அளவே கூடுதலாக இருந்தால்

பெரும்பாலான மலிவு ரெட் டொட்டுகளில் இதுதான் நிலைமை என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். வழி இரண்டு.

முதலாவது, எதையும் வெட்டாத வழி. எல்.ஈ.டி. இருக்கும் பக்கத்தில், ஊசித் துளையின்மேல், அழியாத கறுப்பு மார்க்கரால் ஒரு பூச்சு. காயவிட்டு இரவில் பார்த்து, போதாவிட்டால் இன்னொரு பூச்சு. பெட்டி ஒட்டும் மண்ணிறச் செலோரேப்பைச் சின்னத் துண்டாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாலும் சரி. முன்னாலுள்ள கண்ணாடியில் மட்டும் எதையும் பூசவோ ஒட்டவோ கூடாது. அங்கே செய்தால் நட்சத்திரமும் சேர்ந்தே மங்கும். இந்த வழி வெளிச்சத்தைக் குறைக்கும், பற்றரிச் செலவைக் குறைக்காது.

இரண்டாவது வழி ஒரு தடையி. செய்து முடித்தால் பொருளே வேறாகிவிடும் என்பதால் இதைத்தான் உறுதியாகப் பரிந்துரைக்க முடியும். முதலில் பற்றரியைக் கழற்றி வையுங்கள். அடிமூடியின் சின்னத் திருகுகளைக் கழற்றினால் பற்றரித் தகட்டிலிருந்து எல்.ஈ.டி.க்குப் போகும் மெல்லிய கம்பிகள் தெரியும். அவற்றில் ஒன்றை நடுவில் வெட்டி, இடையில் கால் வாற்றுத் தடையி ஒன்றைப் பற்றாசு வைத்துப் பொருத்துங்கள். எந்தக் கம்பி, எந்தப் பக்கம் என்ற பேதமில்லை; தடையிக்குத் திசை கிடையாது. 10,000 ஓம் கொண்டு தொடங்குங்கள்: மண்ணிறம், கறுப்பு, செம்மஞ்சள் கோடுகள். பற்றரியின் 3 வோல்ற்றில் சிவப்பு எல்.ஈ.டி. ஏறக்குறைய 1.8 வோல்ற்றை எடுத்துக்கொள்ள, மிச்சம் 1.2 வோல்ற் தடையியில் விழும், மின்னோட்டம் ஏறக்குறைய 0.12 மில்லிஅம்பியர்தான். அது இன்னும் கூடுதலாகத் தெரிந்தால் 22,000 ஓம்: சிவப்பு, சிவப்பு, செம்மஞ்சள். இன்னும் இருண்ட இடத்துக்கு 47,000 ஓம்: மஞ்சள், ஊதா, செம்மஞ்சள். 47,000 ஓமில் சக்கரத்தை முழுக்கத் திருப்பி அணைக்காமல் விட்டாலும் கணக்குப்படி ஏறக்குறைய ஒரு வருடம் எரியும். மறதி ஒரு குறையாகவே இருக்காது.

பொருத்தியபின் வெறும் கம்பி மற்றக் கம்பியில் முட்டாமல் கறுப்பு ரேப் சுற்றுங்கள். பற்றாசுக்கோலை நீண்டநேரம் வைத்தால் பிளாஸ்ரிக் உருகி எல்.ஈ.டி. சரிந்துவிடும், பிறகு புள்ளியைத் திருகுகளால் நடுவுக்குக் கொண்டுவரவே முடியாது. கை பழக்கமில்லாதவர்கள் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் கொடுத்தால் சில நிமிட வேலை. தடையியின் பெறுமானத்தைக் கடதாசியில் எழுதிக் கொடுங்கள்.

இதில் ஒரு நட்டம் உண்டு. தடையி போட்டபின் பகலில் புள்ளி தெரியாது. ஆகவே புள்ளியைத் தொலைகாட்டியோடு பொருத்திச் சரிபார்க்கும் வேலையை அந்தி மங்கிய பிறகு செய்யவேண்டும். அதற்குக் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு அருமையான இலக்கு. ஒரு கிலோமீற்றராவது தள்ளி இருக்கட்டும். 25 மி.மீ. பார்வைத்துண்டில் விளக்கை நடுவுக்குக் கொண்டுவந்து தொலைகாட்டியை இறுக்கி, பிறகு இரண்டு திருகுகளாலும் புள்ளியை விளக்கின்மேல் ஏற்றுங்கள். கடைசியாக வியாழனிலோ அகத்திய நட்சத்திரத்திலோ வைத்து 10 மி.மீ. பார்வைத்துண்டில் ஒருமுறை திருத்தினால் போதும். துருவ நட்சத்திரத்தை இதற்கு நம்பவேண்டாம். இங்கே அது 9 பாகை உயரத்தில் அடிவானப் புழுதிக்குள் கிடக்கிறது. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கேட்டால்: 900 மி.மீ. குவியத்தூரமும் 25 மி.மீ. பார்வைத்துண்டும் தருவது 36 மடங்கு, காட்சிப்புலம் ஏறக்குறைய 1.4 பாகை. புள்ளி நடுவிலிருந்து அரைப்பாகை விலகியிருந்தாலும் பொருள் புலத்துக்குள் விழும்.

தடையி போடாமல், பகலில் பொருத்தியே ஆகவேண்டும் என்பவர்கள் தூரத்துப் பனங்கூடலின் கரிய நிழலை இலக்காக வையுங்கள்; வெளிறிய வானத்தைவிடக் கரிய பின்னணியில் புள்ளி தெளிவாகத் தெரியும். சூரியன் இருக்கும் பக்கம் தொலைகாட்டியைத் திருப்பவே கூடாது. ஒரு கணம் பார்வைத்துண்டில் சூரியன் பட்டால் கண் போய்விடும்.

கெடுவது எங்கே

புள்ளி கண்ணுக்கு வால்வெள்ளிபோல, உடைந்த நட்சத்திரம்போலத் தெரிந்தால் கருவியைக் குறைசொல்லுமுன் தலையைப் பக்கவாட்டில் சரித்துப் பாருங்கள். வாலும் சேர்ந்து சுழன்றால் கண்ணின் உருச்சிதைவு அது. தூரப் பார்வைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். தலை சுழன்றும் வால் அசையாவிட்டால் ஊசித் துளையில் தூசி. வெளிச்சம் கூடும்போது இந்தச் சிதைவு பெருக்கும், குறைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இரண்டு புள்ளிகள் தெரிவதும் வழமை. கண்ணாடியின் இரு முகங்களிலும் ஒளி தெறிப்பதால் பிரகாசமான புள்ளிக்குப் பக்கத்தில் மங்கியதொன்று நிற்கும். வெளிச்சத்தைக் குறைத்தால் மங்கியது மறைந்துவிடும். இதுவும் கூட்டி வைப்பதற்கு எதிரான சாட்சிதான்.

புள்ளி துடித்தால் சக்கரத்துக்குள் புழுதி. ஆனி தொடங்கி ஆவணிவரை சோளகம் அடிக்கும் காலத்தில் செம்மண் தூள் எங்கும் புகும். சக்கரத்தை இருபது தடவை முழுக்க முன்னும் பின்னும் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். முல்லைத்தீவு, நாயாறுப் பக்கம் உப்புக் காற்றில் பற்றரித் தகடு பச்சை பிடிக்கும்; பென்சில் அழிறப்பரால் தேய்த்து எடுங்கள்.

மார்கழி, தைப் பனி வேறு விதமான எதிரி. கண்ணாடியில் பனி படிந்தால் புள்ளி பரவிச் சிவப்புப் புகையாகிவிடும். அப்போது பலரும் புள்ளி மங்கிவிட்டதாக எண்ணிச் சக்கரத்தைக் கூட்டுவார்கள். கூட்டக் கூட்டப் புகைதான் பெருகும். சாரத் தலைப்பால் துடைக்கவும் கூடாது. உள்முகத்து முலாம் கீறுபட்டால் புள்ளி என்றைக்கும் பழையபடி தெரியாது. ஒரு பொருளிலிருந்து மற்றதற்குப் போகும் இடைவெளியில் வெறும் யோகட் கோப்பையொன்றைக் கவிழ்த்து மூடிவையுங்கள். பனி படிந்துவிட்டால் காற்றாட விட்டுக் காயவைப்பதே நல்லது.

நெல்வயலோரத்திலும் குளக்கட்டடியிலும் பார்ப்பவர்களுக்கு யானைக்காக வெள்ளை ரோச் வெளிச்சம் கையில் இருக்கத்தான் வேண்டும். அதில் சமரசம் வேண்டாம். ரோச் அடித்தபின் புள்ளியைக் கூட்டத் தேவையில்லை. சிவப்பைப் பார்க்கும் கூம்புக் கலங்கள் சில நிமிடத்தில் மீண்டுவிடும், ஆகவே பழைய அளவிலேயே புள்ளி தெரியும். மங்கிய நட்சத்திரங்கள் திரும்பி வரத்தான் அரைமணி எடுக்கும். இருட்டான இடம் தேடிப் பழக்கமில்லாத காணிக்குள் இறங்கவேண்டாம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கும் பக்கம் பகலிலும் கால்வைக்கக் கூடாது. வன்னியில் சொந்த முற்றமே உலகத்தின் பல ஊர்களுக்கு வாய்க்காத இருட்டு. முல்லைத்தீவுக் கரையில் மட்டும், ஒளிபாய்ச்சி மீன்பிடிக்கும் படகுகள் கடலில் நிற்கும் இரவில் அந்தத் திசைக்கு முதுகுகாட்டிக் கருவியை வையுங்கள்.

கருவியின் உண்மையான குறை ஒன்றையும் சொல்லவேண்டும். நாம் இருப்பது 9 பாகை அகலாங்கில் என்பதால் கார்த்திகைக் கூட்டம், ஒறியன் நெபுலா எல்லாம் 75 பாகை உயரத்துக்கு ஏறும். குழாயோடு ஒட்டி நிற்கும் ரெட் டொட்டை அந்த உயரத்தில் பார்க்கக் கழுத்தை முறித்துக்கொண்டு மண்ணில் முழங்காலிட வேண்டியிருக்கும். உச்சிக்கு வருமுன் கிழக்கிலோ, தாண்டியபின் மேற்கிலோ பிடித்துவிடுவதே வழி.

வேறு என்ன வாங்கலாம்

வெளிநாட்டிலிருந்து வருவிக்க முடிந்தால் இரண்டு மாற்றுகள் உண்டு. ரெல்றாட் என்ற குறிகாட்டி புள்ளிக்குப் பதிலாக அரை, 2, 4 பாகை விட்டமுள்ள மூன்று வட்டங்களைக் காட்டும். இரண்டு ஏஏ பற்றரிகளில் நீண்டகாலம் ஓடும். வட்டங்களின் நடுப்பகுதி வெறுமையாக இருப்பதால் மங்கிய பொருள் மறைவதே இல்லை. இருண்ட வானத்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. ஆனால் பெரியது, பாரமானது, 70 மி.மீ. குழாயில் வைத்தால் முக்காலி தள்ளாடும். தரையில் வைத்துத் திருப்பும் பெரிய தெறிப்புத் தொலைகாட்டியான 200 மி.மீ. டொப்சோனியனுக்கு அது பொருந்தும். சின்னக் குழாய்க்கு ரிகல் குயிக்பைண்டர்: அரை, 2 பாகை என்று இரண்டு வட்டங்கள், சிஆர்2032 பற்றரி, பாரம் குறைவு. அதன் வட்டம் விட்டுவிட்டு மின்னும்படி வைக்கலாம், வேகத்தையும் மாற்றலாம். வட்டம் அணையும் கணத்தில் மங்கிய நட்சத்திரம் வெளியே வரும். மங்கலாக வைப்பதற்கு இது நல்ல துணை.

இணையத்தில் ரெட் டொட் என்று தேடினால் துப்பாக்கிகளுக்கான குறிகாட்டிகளும் அதே வடிவில் வந்து நிற்கும். 50,000 மணித்தியாலம் அணைக்காமலே எரியும் என்ற விளம்பரம் கண்ணை இழுக்கும். அவற்றை வாங்கவேண்டாம். அடித்தளம் தொலைகாட்டியின் பூட்டில் பொருந்தாது. கண்ணாடியின் நிற முலாம் நட்சத்திர ஒளியைக் கூடுதலாகத் தின்னும். அதைவிட, அப்படியொரு பொதி சுங்கத்தில் திறக்கப்படும்போது எழும் கேள்விகள் இந்த மண்ணில் யாருக்கும் தேவையில்லை. தொலைகாட்டிக்கான பைண்டர் என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வருவியுங்கள். பச்சை லேசரைக் குழாயில் கட்டிக் குறிபார்ப்பதும் அப்படியே: முகாம்களும் இரணைமடு ஓடுபாதையும் இருக்கும் இடத்தில் வானத்துக்குக் கதிர் அடிப்பது வில்லங்கம், விமானிக்கும் ஆபத்து. ரெட் டொட்டின் வெளிச்சம் உங்கள் கண்ணைத் தாண்டிப் போகாது.

பற்றரி வாங்கும்போது பொதியில் உள்ள திகதியைப் பாருங்கள். புதியது மல்ரிமீற்றரில் 3 வோல்ற்றுக்கு மேல் காட்டும். 2.8க்குக் கீழே காட்டினால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள். சிஆர்2025 விட்டத்தில் ஒன்றுதான், தடிப்பு 3.2க்குப் பதில் 2.5 மி.மீ.; தளர்ந்து கிடந்து புள்ளி விட்டுவிட்டு எரியும். மீள மின்னேற்றும் எல்ஐஆர்2032 வேண்டாம்: அதன் வோல்ற்றளவு கூடுதல், வெளிச்சமும் கூடும், கொள்ளளவோ மிகக் குறைவு. தகரக் கூரைக்குக் கீழே மாதக்கணக்கில் கருவியை வைப்பதானால் பற்றரியைக் கழற்றிவிடுங்கள். வெக்கையில் அது கசியக்கூடும். கழற்றிய பற்றரியைச் சின்னப் பிள்ளைகளின் கைக்கெட்டாமல் வையுங்கள். விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடும். வாந்தி எடுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.